புரோட்டோபிளாசம்: சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன, முதலில் சொன்னது யார், தமிழில் எப்படி எழுதுவது? (ஒரு கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

சொல்லடைவு:

மேல்நிலை மாணவர்களுக்கான உயிரியல் சொல்லடைவு ஒன்றில் ‘புரோட்டோபிளாசம்’ பதிவு மட்டும் முடியாமல் கிடக்கிறது. ஒரு நூல் ‘செல்லின் உயிருள்ள பொருள்’ என்கிறது. இன்னொன்று ‘உயிரின் பௌதிக அடிப்படை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. மூன்றாவதில் ‘சைட்டோபிளாசம் என்பதற்கான பழைய பெயர்’ என்றிருக்கிறது. மூன்றும் ஒன்றாகத் தெரியவில்லை.

யார் வைத்த பெயர் என்பதிலும் குழப்பம். 1839, புர்கின்யே என்று சில இடங்களில்; 1846, ஃபான் மோல் என்று சில இடங்களில்; 1835, டுஜார்டன் ‘கண்டுபிடித்தார்’ என்று வேறு சில இடங்களில். எதை எழுதுவது? சொல்லின் வேர், அது இன்று எதைக் குறிக்கிறது, செய்முறை வகுப்பில் எதைக் காட்டி ‘இதுதான் புரோட்டோபிளாசம்’ என்று சொல்லலாம், தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேர்ச்சொல்:

வேரிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும். கிரேக்கத்தில் ‘புரோட்டோஸ்’ என்றால் முதல். ‘பிளாஸ்மா’ என்பது ‘பிளாஸ்ஸெய்ன்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். மண்ணையோ மெழுகையோ பிசைந்து உருக்கொடுப்பதுதான் அந்த வினை. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் வினை ‘வனைதல்’. குயவர் வனைவது பிளாஸ்ஸெய்ன்; வனைந்து வந்தது பிளாஸ்மா. ஆகவே புரோட்டோபிளாசம் என்றால் ‘முதலில் வனையப்பட்டது’. அந்தச் சொல்லுக்குள் ‘உயிர்’ என்ற பொருளும் இல்லை, ‘கூழ்’ என்ற பொருளும் இல்லை. இரண்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பிளாஸ்டிக், பிளாஸ்டர், இரத்தத்தின் பிளாஸ்மா எல்லாம் இதே வேரின் கிளைகள்தாம்.

உயிரியலுக்கு வருவதற்கு முன்பே இதன் உறவுச்சொல் ஒன்று சமயத்தில் புழங்கியது. ‘புரோட்டோபிளாஸ்டோஸ்’ என்றால் முதலில் வனையப்பட்டவர், அதாவது ஆதாம். சாலமோனின் ஞானம் என்ற நூலின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் இருக்கிறது. இலத்தீன் வழியாகத் திருச்சபை எழுத்துகளுக்கும் போனது. புர்கின்யே இளமையில் பியாரிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளிடம் படித்தவர் என்பதால் அவருக்கு இந்தச் சொல் பழக்கமாக இருந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அது ஊகம்தான், சொல்லடைவில் உறுதியாக எழுத வேண்டாம்.

இனி ஆண்டுகள். மூன்று பேரும் செய்தது மூன்று வேறு வேலை. அதைப் பிரித்தால் சண்டையே இல்லை.

ஃபெலிக்ஸ் டுஜார்டன் 1835இல் ஒருசெல் விலங்குகளை நசுக்கிப் பார்த்தார். உள்ளிருந்து வழிந்த நிறமற்ற, பிசுபிசுப்பான, நீரில் கரையாத, தானே சுருங்கி விரியும் பொருளுக்கு ‘சார்கோட்’ என்று பெயர் வைத்தார். ‘சார்க்ஸ்’ என்றால் தசை. பொருளை விவரித்தவர் அவர். புரோட்டோபிளாசம் என்ற பெயர் அவருடையதல்ல.

யான் எவாஞ்செலிஸ்டா புர்கின்யே செக் நாட்டவர். இதயத்தின் பர்கின்ஜி இழைகள் என்று நம் பாடநூலில் வரும் அதே ஆள்தான். 1839இல் பிரெஸ்லாவில், அதாவது இன்றைய போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில், ஆற்றிய உரையில் ‘புரோட்டோபிளாஸ்மா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1840இல் அச்சில் வந்தது. அவர் குறித்தது விலங்குக் கருவில் உறுப்புகள் உருவாவதற்கு முன்னிருக்கும் ஆக்கப் பொருளை. தாவரத்தில் புதிய செல்கள் உருவாகும் அடுக்கான கேம்பியத்தோடு அதை ஒப்பிட்டார். எல்லா செல்களிலும் உள்ள பொதுப்பொருள் என்ற கருத்து அவரிடம் இல்லை. ‘முதலில் வனையப்பட்டது’ என்ற வேர்ப்பொருள் மிகச் சரியாகப் பொருந்துவது இவருடைய பயன்பாட்டுக்குத்தான்.

ஹியூகோ ஃபான் மோல் ஜெர்மானியத் தாவரவியலாளர். 1846இல், தாவரச் செல்லுக்குள் சாறு எப்படி நகர்கிறது என்ற கட்டுரையில், செல்சுவருக்கு உட்புறம் உள்ள வெண்மையான, மணிமணியான, கொழகொழப்பான பொருளுக்கு இந்தப் பெயரை வைத்தார். செல்லின் திடமான பகுதிகளுக்கெல்லாம் முன்பே இது தோன்றிவிடுகிறது என்பதால் ‘முதல்’. அடையாளம் காணும் வழியையும் சொன்னார்: அயோடினில் மஞ்சளாகும், ஆல்கஹாலிலும் அமிலத்திலும் உறையும். இன்றைய பொருளில் சொல்லை நிலைநாட்டியவர் இவர்.

ஆனால் தாவரத்தில் மோல் பார்த்ததும் விலங்கில் டுஜார்டன் பார்த்ததும் ஒன்றே என்று சொன்னவர்கள் வேறு. ஃபெர்டினாண்ட் கோன் 1850இல் பச்சைப்பாசி ஒன்றை ஆராய்ந்தபோது அப்படி எழுதினார். 1861இல் மாக்ஸ் ஷுல்ட்சே அதைச் செல்லின் வரையறையாகவே ஆக்கினார்: செல் என்பது உட்கருவைக் கொண்ட ஒரு சிறு புரோட்டோபிளாசக் கட்டி, அவ்வளவே. அதுவரை செல் என்றால் சுவர், அறை. ஹூக் 1665இல் தக்கையில் பார்த்தது காலி அறைகளைத்தானே! ஷுல்ட்சேக்குப் பிறகு அறை பின்னுக்குப் போய், அறைக்குள் இருப்பதே செல் என்றானது. என் கணக்கில் பெயர் வைத்ததைவிட இதுதான் பெரிய திருப்பம். நூல்கள் ஏனோ இதற்கு ஒரு வரிகூடத் தருவதில்லை.

நுண்ணோக்கி மேசை:

வரலாற்றை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். அது எதைக் குறிக்கிறது, எப்படிக் காட்டுவது என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய வரையறைப்படி புரோட்டோபிளாசம் = சைட்டோபிளாசம் + உட்கருவின் பொருள். ஆக, ‘சைட்டோபிளாசத்தின் பழைய பெயர்’ என்பது தவறு. அந்தத் தவறுக்குக் காரணம் உண்டு. 1863இல் கோலிக்கர் ‘சைட்டோபிளாசம்’ என்ற சொல்லைக் கிட்டத்தட்ட அதே பொருளில்தான் தொடங்கினார். 1882இல் ஸ்ட்ராஸ்பர்கர்தான் உட்கருவுக்கு வெளியே உள்ளது சைட்டோபிளாசம், உள்ளே உள்ளது நியூக்ளியோபிளாசம் என்று பிரித்தார். சைட்டோசால் இன்னும் புதிய சொல், 1965. அது நுண்ணுறுப்புகளை எல்லாம் கழித்தபின் மிஞ்சும் நீர்மப் பகுதி மட்டும். மாணவர்கள் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள்.

எது சேராது என்பதையும் பதிவில் சொல்லிவிடுங்கள். செல்சுவர் சேராது. வாக்குவோல் என்ற பெரிய பைக்குள் உள்ள செல்சாறு, ஸ்டார்ச் மணி, கால்சியம் ஆக்சலேட் படிகம் ஆகியவையும் சேராது. இவற்றை ‘உயிரற்ற உட்பொருட்கள்’ என்று ஒதுக்கினார்கள். முதிர்ந்த தாவரச் செல்லின் கன அளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை வாக்குவோலே பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய புரோட்டோபிளாசம் சுவரை ஒட்டி மெல்லிய பூச்சாக இருக்கும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவியது போலத்தான். ‘செல் முழுக்க நிரம்பிய கூழ்’ என்று எழுதினால் வெங்காயச் செல்லுக்கே அது பொருந்தாது.

காட்டுவதற்கு மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது அயோடின், அதாவது மோல் செய்ததே. பொட்டாசியம் அயோடைடு 2 கிராமை முதலில் சில மில்லிலிட்டர் நீரில் கரைத்து, அதில் அயோடின் 1 கிராம் போட்டுக் கரைத்தபின் 100 மி.லி. ஆக்குங்கள். நேரே நீரில் போட்டால் அயோடின் அடியில் கிடக்கும், கரையாது. வெங்காயச் செதிலின் உட்குழிந்த பக்கத்துத் தோலை உரித்து ஒரு துளி விடுங்கள். சுவர் நிறமற்று நிற்கும். ஓரத்துப் பூச்சு மஞ்சளாகும். உட்கரு அதைவிட அடர்ந்த பழுப்பு மஞ்சளாகத் தெரியும். வெங்காயம் சர்க்கரையாகச் சேமிக்கும் செடி, ஸ்டார்ச் இல்லை, அதனால் நீலக்கறுப்பு குறுக்கே வராது. உருளைக்கிழங்கில் இதே சோதனையைச் செய்தால் எல்லாம் கறுத்துப்போய் ஒன்றும் தெரியாது. அயோடின் செல்லைக் கொன்றுவிடும் என்பதால் அசைவைப் பார்க்க வேண்டுமானால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிளாஸ்மோலிசிஸ், அதாவது அடர்ந்த கரைசலில் செல்லின் உள்ளடக்கம் நீரிழந்து சுருங்கிச் சுவரை விட்டு விலகுவது. இங்கேதான் தவறான விளக்கம் அதிகம். சிவந்த பெரிய வெங்காயத்தின் சதைச் செதிலில், வெளிப்புறமாகப் புடைத்த பக்கத்தின் நிறமுள்ள தோல் வேண்டும். 1 மோலார் சர்க்கரைக் கரைசல் என்றால் 34.2 கிராம் சர்க்கரையைக் குறைந்த நீரில் கரைத்து, பிறகு மொத்தம் 100 மி.லி. வரை நிரப்ப வேண்டும். 100 மி.லி. நீரை அளந்து அதில் 34.2 கிராமைக் கொட்டினால் கன அளவு ஏறத்தாழ 121 மி.லி. ஆகிவிடும், கிடைப்பது 0.8 மோலார்தான். ‘கணக்குப்படி வரவில்லை’ என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். 5 முதல் 15 நிமிடத்தில் உள்ளடக்கம் சுவரை விட்டு விலகும்.

அப்போது சிவப்பாகச் சுருங்கி நிற்கும் உருண்டையைக் காட்டி ‘இதுதான் புரோட்டோபிளாசம்’ என்று சொல்லிவிடக் கூடாது. சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் இருப்பது வாக்குவோலின் சாற்றில். புரோட்டோபிளாசம் என்பது அந்தச் சிவப்பைச் சுற்றியுள்ள நிறமற்ற மெல்லிய விளிம்பு. 400 மடங்கில் வைத்து, ஒளித்துளையைச் சற்றுக் குறுக்கினால் விளிம்பு தனியே தெரியும். கூர்ந்து பார்த்தால் அந்த விளிம்பிலிருந்து சுவருக்குச் சிலந்தி நூல் போன்ற இழைகள் இழுபட்டு நிற்கும். அவற்றை ஹெக்ட் 1912இல் விவரித்தார். ஹெக்ட் இழைகள் என்றே பெயர்.

சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டால் வேகமாக நடக்கும். 100 மி.லி. கரைசலில் 3 கிராம் போதும், கிட்டத்தட்ட 0.5 மோலார். ஆனால் நெடுநேரம் விட்டால் செல் செத்துவிடும். அப்புறம் நீரை விட்டாலும் விரியாது, சிவப்பு வெளியே கசிந்து பரவும். நீரை விட்டு மீட்கும்போதும் ஒரே மூச்சில் மாற்றாமல், கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கம் துளித்துளியாக விட்டு மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். திடீரென்று மாற்றினால் வெடிப்பவை வெடிக்கும். வேகவைத்த தோலில் பிளாஸ்மோலிசிஸ் நடக்கவே நடக்காது. ஒப்பீட்டுக்கு அதையும் ஒரு தகட்டில் வையுங்கள்.

மூன்றாவது ஓட்டம். ஹைட்ரில்லா இலை இரண்டே செல் தடிமன். முழு இலையையே நீரில் வைத்துப் பார்க்கலாம். விளக்கொளியில் பத்து நிமிடம் விட்டு, நடு நரம்பை ஒட்டிய நீண்ட செல்களைப் பாருங்கள். பசுங்கணிகங்கள் சுவரோரமாக வரிசை பிடித்துச் சுற்றிவரும். கணிகம் தானாக நகரவில்லை. அதைத் தாங்கிய சைட்டோபிளாசம் ஓடுகிறது. ஆக்டின் என்ற புரத இழைமேல் மயோசின் என்ற இன்னொரு புரதம் நடப்பதால் வரும் இழுப்பு அது. சூடாகும் பழைய பல்பு இருந்தால் தகடு கொதித்து ஓட்டம் நின்றுவிடும், எல்இடி நல்லது. குளிர்ந்த நீரானால் மந்தமாகும். ஒரே இடத்தில் நடுங்குகிற துகள்களைக் கண்டு ஏமாற வேண்டாம்; அது பிரௌனியன் அசைவு, செத்த செல்லிலும் இருக்கும். இடம்விட்டு இடம் போனால்தான் ஓட்டம். காரா பாசி கிடைத்தால் அதை விடாதீர்கள். நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓடும். கோர்ட்டி 1774இல் பார்த்தது இதைத்தான். சொல் பிறப்பதற்கு 65 ஆண்டுகள் முன்பே பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லடைவு:

இரண்டு பேருக்கும் நன்றி. சிவப்பு உருண்டைத் தவறு என் வரைவிலேயே இருந்தது, திருத்திவிட்டேன். இன்னும் ஒன்று: இவ்வளவு முக்கியமான சொல் என்றால் இன்றைய செல் உயிரியல் நூல்களில் அது ஏன் கிட்டத்தட்ட காணவே இல்லை? ‘உயிரின் பௌதிக அடிப்படை’ என்ற வாசகத்தை வைத்துக்கொள்ளலாமா?

பழைய ஏடு:

அந்த வாசகத்துக்குத் தேதியே உண்டு. 1868 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை, எடின்பரோ. ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி ஆற்றிய பொது உரையின் தலைப்பு அது. 1869 பிப்ரவரியில் ஒரு லண்டன் இதழில் வெளிவந்தது; அந்த இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. ஆகவே இது வரையறை இல்லை, ஒரு வாதம். ‘ஹக்ஸ்லி இப்படிச் சொன்னார்’ என்று எழுதலாம். ‘புரோட்டோபிளாசம் என்றால் இதுதான்’ என்று எழுதக் கூடாது.

வாதம் என்ன? செந்தொட்டி வகைச் செடியின் கொட்டும் மயிரை நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே ஓட்டம் தெரியும். மனித இரத்தத்தின் வெள்ளணுவும் அதேபோல் அசைகிறது. செடி, விலங்கு, மனிதர் எல்லாருக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே. அதுவும் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் கூடி ஆனது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது ‘நீர்த்தன்மை’ என்று ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து குடிபுகுந்தது என்று யாரும் சொல்வதில்லையே, புரோட்டோபிளாசத்துக்கு மட்டும் ‘உயிர்த்தன்மை’ ஏன் தனியாக வேண்டும் என்று கேட்டார். ஆட்டிறைச்சி தின்றால் அது மனிதப் புரோட்டோபிளாசமாகிறது என்று கேலியும் செய்தார். ‘உயிர்’ என்ற சொல் இந்தப் பதத்தோடு இறுகியது இங்கேதான். எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. லயனல் பீல் போன்றவர்கள் உயிருள்ளதும் உயிரற்றதும் ஒன்றாகாது என்று ‘பயோபிளாசம்’ என்று தனிச்சொல்லே வைத்தார்கள்.

அதே 1868இல் ஹக்ஸ்லிக்கு ஒரு சறுக்கல். சைக்ளாப்ஸ் என்ற கப்பல் 1857இல் வட அட்லாண்டிக்கின் அடியிலிருந்து அள்ளிய சேறு, ஆல்கஹாலில் ஊறிய நிலையில் அவரிடம் இருந்தது. அதில் வலைபோல் படர்ந்த கொழகொழப்பைக் கண்டு, கடலடி முழுக்க விரிந்த ஆதிப் புரோட்டோபிளாசம் என்று முடிவுகட்டி, ‘பாதிபியஸ் ஹெக்கேலி’ என்று பெயர் சூட்டினார். உயிர் இப்படியொரு எளிய கொழகொழப்பிலிருந்தே தொடங்கியது என்று வாதிட்ட ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கலுக்கு அது அமிர்தம். பிறகு 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலில் புதிய சேற்றில் தேடினார்கள், இல்லை. ஆல்கஹாலில் போட்டு வைத்த சாடியில் மட்டும் இருந்தது! வேதியியலாளர் புக்கனன் காரணத்தைக் கண்டுபிடித்தார். கடல்நீரில் கால்சியம் சல்பேட் கரைந்திருக்கிறது. ஆல்கஹாலில் அது கரையாது. கடல்நீரோடு கூடிய சேற்றில் ஆல்கஹாலை ஊற்றினால் சல்பேட் பஞ்சுபோல் படியும், பார்வைக்குக் கொழகொழப்பு. ‘உயிர்ப்பொருள்’ என்று பேர்பெற்றது ஜிப்சத்தின் வீழ்படிவு. 1875இல் ஹக்ஸ்லி தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மாதிரியைக் காக்க ஊற்றுகிற திரவமே மாதிரியை உண்டாக்கிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மாணவர் நூலில் பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

சொல் தேய்ந்தது ஒரே நாளில் அல்ல. 1890களில் அதன் நுண்கட்டமைப்பு வலையா, மணியா, நுரையா என்று பெரிய சண்டை. ஆல்ட்மன் மணி என்றார். பூட்சிலி நுரை என்றார்; ஆலிவ் எண்ணெயையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் குழைத்து, அமீபா மாதிரி ஊர்ந்துபோகும் நுரைத்துளிகளையே செய்து காட்டினார். அவர்கள் பார்த்த வலைகளில் பல, செல்லைப் பதப்படுத்த ஊற்றிய ஆஸ்மிக் அமிலமும் ஆல்கஹாலும் புரதத்தை உறையவைத்து உண்டாக்கியவை. பாதிபியஸ் கதையேதான், சிறிய அளவில்.

பெரிய அடி 1897இல். எட்வர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில் சர்க்கரையைப் போட்டார்; நொதித்தது. ஒரு முழுச் செல்லும் அதில் இல்லை. ‘உயிருள்ள புரோட்டோபிளாசம்தான் நொதிக்கவைக்கும்’ என்ற பேச்சு அத்தோடு தளர்ந்தது. 1926இல் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, நொதி ஒரு புரதம் என்று காட்டினார். 1945இல் முழுச் செல்லின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வந்தது. அதிலும் அடுத்து வந்த படங்களிலும், ஒரு பொருள் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் எண்டோபிளாச வலை, ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு ஊரே இருந்தது. ‘புரோட்டோபிளாசம் செய்கிறது’ என்று சொன்னால் ‘யார் செய்கிறார்கள்’ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதனால்தான் கைவிட்டார்கள்.

முழுக்கச் செத்துவிட்டதா என்றால் இல்லை. 1926இல் தொடங்கிய ‘புரோட்டோபிளாஸ்மா’ ஆய்விதழ் இன்றும் வருகிறது. செல்லின் உட்பொருளில் எண்ணெய்த்துளி போலப் பிரிந்து திரளும் புரதத் துளிகள் பற்றி 2009க்குப் பிறகு ஏராளமான ஆய்வுகள். பூட்சிலி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

நுண்ணோக்கி மேசை:

அதோடு ஒரு சேர்க்கை: புரோட்டோபிளாஸ்ட் என்ற சொல் மட்டும் ஆய்வகத்தில் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. ஹான்ஸ்டைன் 1880இல் வைத்தது. ஒரு செல்லுக்குரிய புரோட்டோபிளாசம் முழுவதும், சவ்வோடு சேர்த்து. இன்று சுவர் நீக்கிய தாவரச் செல்லுக்கு அந்தப் பெயர். 1960இல் காக்கிங் பூஞ்சை நொதியால் தக்காளி வேர்ச் செல்களின் சுவரைக் கரைத்துக் காட்டியபின் வழி திறந்தது. இலைக்கு வழக்கமான கலவை: சுவரைக் கரைக்கும் நொதிகளான செல்லுலேஸ் 1 முதல் 1.5 விழுக்காடு, மாசரோசைம் 0.2 முதல் 0.4 விழுக்காடு, செல்லுக்குள் நீர் ஏறாமல் காக்க மானிட்டால் 0.4 மோலார் அதாவது 100 மி.லி.க்கு 7.3 கிராம், கொஞ்சம் கால்சியம் குளோரைடு, பிஎச் 5.7. இலையைப் புதிய பிளேடால் 0.5 முதல் 1 மி.மீ. கீற்றாக அரிந்து, அரைமணி வெற்றிடத்தில் வைத்துக் கலவையை உள்ளே இறக்கி, இருட்டில் ஏறத்தாழ 3 மணி நேரம். மழுங்கிய பிளேடு நசுக்கிவிடும். மானிட்டாலை மறந்தால் சுவர் போன அடுத்த நொடி நீர் ஏறிச் செல் வெடிக்கும். கால்சியம் குறைந்தால் சவ்வு தளர்ந்து கசியும். சுவரில்லாத செல் எந்த வடிவ இலையிலிருந்து வந்தாலும் உருண்டையாகவே நிற்கும். செல்லின் வடிவத்தைப் பிடித்து வைத்திருந்தது சுவர்தான் என்பது கண்ணாலேயே தெரியும்.

குழியவுரு:

தமிழ்ச் சொல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இலங்கையில் தமிழ்மொழி மூலம் உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது புதிர் இல்லை. இங்கே புரோட்டோபிளாசம் ‘முதலுரு’, சைட்டோபிளாசம் ‘குழியவுரு’, பிளாஸ்மா சவ்வு ‘முதலுரு மென்சவ்வு’, பிளாஸ்மோலிசிஸ் ‘முதலுருச் சுருக்கம்’. செல் எங்களுக்குக் கலம், வாக்குவோல் புன்வெற்றிடம்.

மேலே வேர்ச்சொல் எழுதியதோடு வைத்துப் பாருங்கோ. புரோட்டோஸ் முதல், பிளாஸ்மா உரு. முதலுரு. ஒரு அசைகூட வீணில்லை. அதோடு ‘உரு’ என்பதைப் பிடித்துக்கொண்டால் குடும்பம் முழுக்க வரிசையாக வருகிறது: குழியவுரு, பச்சையவுருமணி (உங்கள் பசுங்கணிகம்). ஒன்றைப் படித்தவர் மற்றதை ஊகிக்கலாம். ‘உயிர்ப்பொருள்’, ‘உயிர்க்கூழ்’ என்றெல்லாம் ஆக்கினால் ஹக்ஸ்லியின் வாதத்தைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிடுகிறீர்கள். அவருடைய கொள்கை தேய்ந்த பிறகும் சொல் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

வேர்ச்சொல்:

முதலுரு அருமையான சொல், மறுப்பில்லை. ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். தமிழ்நாட்டு மாணவருக்கு ‘உரு’ என்ற பின்னொட்டு வேறெங்கும் பாடத்தில் வராது. கணிகம், பசுங்கணிகம் என்று அவர்களுக்கு வேறு குடும்பம். முதலுருவை மட்டும் தனியாகப் பிடுங்கி நட்டால், ‘முதலில் தோன்றிய உருவம்’ என்று கருவையோ ஆதிஉயிரையோ நினைப்பார்கள். தலைச்சொல் புரோட்டோபிளாசம் என்றே இருக்கட்டும். ‘இலங்கை வழக்கு: முதலுரு’ என்று பக்கத்தில் போட்டு, சொல்லமைப்பை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

குழியவுரு:

அது நியாயம். ஆனால் அடைப்புக்குள் சின்ன எழுத்தில் போட வேண்டாம், அதே தடிப்பில் போடுங்கோ. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தேடுவார்கள்.

சொல்லடைவு:

சரி, வரைவு இப்படி:

புரோட்டோபிளாசம், முதலுரு. செல்லின் சைட்டோபிளாசமும் உட்கருவின் பொருளும் சேர்ந்தது. செல்சுவரும் வாக்குவோலின் சாறும் இதில் சேரா. கிரேக்கம்: புரோட்டோஸ், முதல், பிளாஸ்மா, வனையப்பட்டது. விலங்குக் கருவின் ஆக்கப்பொருளுக்கு புர்கின்யே 1839இல் பயன்படுத்தினார்; தாவரச் செல்லின் உட்பொருளுக்கு மோல் 1846இல். செல்லின் உயிருள்ள பொருள் முழுவதையும் ஒரே பொருளாகக் கருதிய 19ஆம் நூற்றாண்டுச் சொல். இன்று வரலாற்றுப் பொருளிலும், புரோட்டோபிளாஸ்ட் போன்ற கூட்டுச்சொற்களிலும் வழங்குகிறது.

நுண்ணோக்கி மேசை:

ஒரே திருத்தம். பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. ‘உட்கரு உள்ள செல்லில்’ என்று தொடங்குங்கள். அருகில் படம் போடுவதானால் வெங்காயச் செல்லில் விளிம்புக்கு அம்புக்குறி போகட்டும், நடுவில் உள்ள சிவப்புக்கு அல்ல.